நம் களத்தில் புதிய இழைகள் ஏன் குறைந்துவிட்டன?

வேப்பங்காடு (மட்டுறுத்துநர்) | சனி, காலை 6.50

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். நேற்றிரவு நம் இணையக் கருத்துக்களத்தின் முகப்பைத் திறந்தபோது, யாப்புப் பகுதியில் கடைசியாக எழுதப்பட்ட இடுகை ஐந்து வாரங்களுக்கு முந்தையது என்பதைக் கண்டேன். அதை எழுதியவனும் நான்தான். ஒருவரும் மறுமொழி சொல்லவில்லை. முன்பெல்லாம் இதே பகுதியில் காலையில் ஒரு கேள்வி விழுந்தால் மாலைக்குள் மூன்று பேர் பதில் எழுதியிருப்பார்கள், நான்காவதாக வருபவர் அந்த மூவரையும் சான்றோடு மறுத்திருப்பார். அந்தச் சச்சரவைப் படிப்பதற்காகவே அலுவலகத்திலிருந்து விரைந்து வீடு திரும்பிய நாட்கள் எனக்கு உண்டு.

களம் இயங்கும் வழங்கிக்கு (சர்வர்) கட்டணம் கட்ட வேண்டிய மாதம் நெருங்குவதால் மட்டும் இதைக் கேட்கவில்லை. இணையத்தில் தமிழ் வளர்ந்ததே இப்படிப்பட்ட கூடங்களில்தான். 1990களின் நடுவில் தமிழ்.நெட் மின்னஞ்சல் குழுவில் கூடியவர்களிடையே நடந்த வாதங்களில்தான் கணினியில் தமிழ் எழுத்துகளைக் குறிக்கும் திஸ்கி குறியாக்கம் உருப்பெற்றது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், ஒருவரையொருவர் நேரில் பார்த்திராதவர்கள் வெவ்வேறு நாடுகளில் அமர்ந்து பழைய நூல்களைத் தட்டச்சு செய்தார்கள், வேறொருவர் மெய்ப்புப் பார்த்தார். ஊதியமும் உத்தரவும் இல்லாமல் அவ்வளவு வேலை நடந்ததற்கு, பேச ஓர் இடம் இருந்ததே காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கைப்பேசியும் பேஸ்புக்கும் நம் ஆட்களை இழுத்துக்கொண்டன என்பது என் எண்ணம். உங்கள் கருத்து வேறாக இருந்தால் தயங்காமல் எழுதுங்கள்.

பொருநைக்கரை | சனி, காலை 8.15

அன்புள்ள மட்டுறுத்துநர் ஐயா, தங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் பேச்சே நின்றுபோனதாக நான் கருதவில்லை. ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் நான் நடத்திவரும் வெண்பா வாட்ஸ்அப் குழுவில் நாள்தோறும் விடியற்காலையில் ஓர் ஈற்றடி கொடுக்கிறோம். இரவுக்குள் இருபது, முப்பது வெண்பாக்கள் வந்துவிடுகின்றன. மளிகைக்கடை வைத்திருப்பவரும், பேருந்து நடத்துநரும், பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு எழுதும் அம்மாவும் அதில் இருக்கிறார்கள். இவர்களில் ஒருவர்கூட நம் களத்தில் கணக்குத் தொடங்கியிருக்க மாட்டார், ஏனென்றால் கணினி முன் அமர்ந்து கடவுச்சொல் இட்டு உள்ளே நுழைவது அவர்களுக்குப் பழக்கமில்லை. ஆட்கள் வேறிடத்தில் கூடுகிறார்கள் என்று சொல்வதே பொருத்தம்.

ஓலைச்சுவடி | சனி, முற்பகல் 11.05

ஐயா சொல்வது உண்மை என்றாலும், இடம் மாறும்போது எது கூடவே வருகிறது, எது வழியில் விழுந்துவிடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். நூலகத்தில் பணிபுரிவதால் இந்தக் கவலை எனக்கு மற்றவர்களைவிடச் சற்று அதிகமாகவே இருக்கலாம்.

யாகூ நிறுவனம் நடத்திய மின்னஞ்சல் குழுமங்களை நினைவுகூருங்கள். மரபுக் கவிதைக்கும், சைவத்துக்கும், சிறுகதைக்கும், ஊர்ப் பழைய மாணவர்களுக்கும் தனித்தனிக் குழுமங்கள் அங்கே இருந்தன. 2019 அக்டோபரில் அந்த நிறுவனம் சேமிப்பை அழிக்கப் போவதாக அறிவித்தது. அவ்வாண்டு டிசம்பருக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று முதலில் சொல்லி, பின்னர் ஒரு மாதத்துக்குச் சற்று மேலாக அவகாசம் நீட்டித்தது. 2020 டிசம்பர் 15 அன்று அஞ்சல் சேவையையும் நிறுத்திவிட்டது. அறிவிப்பு வந்த நாளில் பல குழுமங்களின் பொறுப்பாளர்கள் அந்த முகவரியைத் திறந்து பார்ப்பதையே விட்டிருந்தார்கள், சிலர் காலமாகியிருந்தார்கள். சமூக வலைத்தளங்களான ஆர்க்குட் 2014 செப்டம்பரிலும், கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலிலும் இதே வழியில் போயின. ஒவ்வொரு மூடலிலும் கூட்டத்தில் ஒரு பகுதி மட்டுமே அடுத்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மீதமுள்ளவர்கள் அதோடு எழுதுவதை விட்டுவிட்டார்கள். மூன்று முறை வீடு மாறியவர் நான்காவது வீட்டில் கொடி கட்டிக் கோலம் போட மனம் வராமல் இருப்பதைப் போன்றதுதான் இது.

வாட்ஸ்அப்பில் வேறொரு சிக்கல் உண்டு. இன்று சேர்கிறவருக்கு, அவர் சேர்வதற்கு முன் ஆண்டுக்கணக்கில் நடந்த உரையாடல் கிடைப்பதில்லை. தேடுபொறியும் அதற்குள் நுழைய முடியாது. உங்கள் குழுவில் யாரேனும் அருமையான விளக்கம் ஒன்றைக் கொடுத்தால், அடுத்த ஆண்டு அது எங்கே இருக்கும் ஐயா?

பொருநைக்கரை | சனி, பிற்பகல் 1.30

இந்தக் கேள்விக்கு நான் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும், அம்மா. 'பண்பும் பயனும் அது' என்று முடியும் குறளைக் காட்டி, ஈற்றுச் சீராகிய 'அது' என்பது மலர் வாய்பாடா, பிறப்பு வாய்பாடா (வெண்பாவின் கடைசிச் சீரை அளக்கும் வாய்பாடுகளில் இரண்டு இவை) என்று ஒருவர் கேட்டார். 'உலகு' என்பதில் உகரம் குறைந்து ஒலிக்கும் குற்றியலுகரம், ஆதலால் அது பிறப்பு. 'அது' என்பதில் தனிக்குறிலை அடுத்து வருவதால் அந்த உகரம் குறுகாது, ஆதலால் அது நிரையசையாகி மலர் வாய்பாடு பெறும் என்று விளக்கினேன். எழுதி முடிக்க முக்கால் மணி நேரம் பிடித்தது. நான்கு மாதம் கழித்துப் புதிதாகச் சேர்ந்த ஒருவர் அதையே கேட்டார். பழைய விளக்கத்தைத் தேடி மேலே நகர்த்தினேன், நகர்த்தினேன், காலை வணக்கப் படங்களும் பிறந்தநாள் வாழ்த்துகளுமாகவே வந்தன. மறுபடியும் எழுதினேன். மூன்றாவது முறை கேட்டபோது 'ஆம், மலர்தான்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன்; அந்த மாணவருக்குக் காரணம் தெரியாமலே போயிற்று. நம் களத்தில் இதே வினாவுக்கு நண்பர் ஒருவர் எழுதிய விடை இன்னும் இருக்கிறது என்பதை இப்போதுதான் தேடிப் பார்த்தேன். என் விளக்கத்தைவிட அது நன்றாகவே இருக்கிறது.

வல்லைவெளி | சனி, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். நான் ரொறன்ரோவிலிருந்து எழுதுகிறேன். எங்கட ஆட்களுக்கு இந்தக் கருத்துக்களங்கள் வேறொரு பொருளிலும் தேவைப்பட்டன என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். யாழ் இணையக் கருத்துக்களம் போன்றவை 1999 தொடக்கம் இயங்கி வந்த காலத்தில், ஊருக்குத் தொலைபேசி எடுப்பதே பெரிய பாடாக இருந்தது. இடம்பெயர்ந்த குடும்பம் எங்கே இருக்கிறது என்று ஒருவர் நோர்வேயிலிருந்து கேட்பார், இன்னொருவர் சுவிசிலிருந்து, தன் மச்சான் அவர்களைக் கண்டதாக எழுதுவார். அரசியலில் கடுமையாகச் சண்டை பிடித்தவர்கள்கூட, ஒருவர் வீட்டில் இழவு என்றால் அந்த இழையில் வந்து அஞ்சலி எழுதினார்கள்.

அந்தத் தேவை இன்று இல்லை. அம்மாவின் முகத்தை நினைத்த நேரம் காணொளியில் பார்க்கக்கூடிய ஒருவர், ஊர்ப் புதினம் அறியக் களத்துக்கு வர மாட்டார். 2009க்குப் பிறகு பலர் எழுதக் கை வராமல் ஒதுங்கியதையும் நான் கண்டிருக்கிறேன். இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகள் தமிழில் கதைப்பார்கள், தமிழில் நான்கு பந்தி எழுத மாட்டார்கள். ஆகவே எல்லாவற்றையும் பேஸ்புக்கின் தலையில் கட்டிவிட முடியாது, அண்ணா. சில இடங்கள் தங்கள் வேலையைச் செய்து முடித்துவிட்டுத்தான் அமைதியாகின்றன.

தூறல் | ஞாயிறு, காலை 10.20

வணக்கம். நான் கல்லூரி இறுதியாண்டு மாணவன். இந்தக் களத்தைப் பள்ளி நாட்களிலிருந்து படித்து வருகிறேன், எழுதுவது இது மூன்றாவது முறை. பெரியவர்கள் வருந்தும்படி எதையாவது சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வயதினர் பேசாமல் இல்லை. டிஸ்கார்டிலும் டெலிகிராமிலும் விடிய விடிய எழுதுகிறோம். இங்கே வராததற்குக் காரணம், வந்தபோது நடந்தது. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது, ஐகாரக்குறுக்கம், அதாவது 'ஐ' தன் அளவில் குறைந்து ஒலிப்பது, எந்த இடங்களில் வரும் என்று இங்கே ஓர் இழை தொடங்கினேன். பத்து நிமிடத்தில் 'ஏற்கனவே விவாதிக்கப்பட்டது, தேடிப் பார்க்கவும்' என்ற ஒரே வரியுடன் இழை பூட்டப்பட்டது. தேடினேன். கிடைத்த பழைய இழையில் முதல் மூன்று பக்கங்கள் இரண்டு மூத்த உறுப்பினர்கள் வேறு எதையோ பற்றி மோதிக்கொண்டவை. என் கேள்விக்கான விடை ஆறாம் பக்கத்தின் நடுவில் இருந்தது. அதன்பின் ஐந்தாண்டுகள் நான் வாய் திறக்கவில்லை. என்னைப் போல எத்தனை பேர் திரும்பிப் போயிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இன்று ஐகாரக்குறுக்கம் பற்றிக் கேட்க வேண்டுமானால் என் நண்பர்கள் சாட்ஜிபிடியிடம் கேட்கிறார்கள். 2008இல் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ நிரலாளர்கள் எல்லோரும் நாடிய தளம். அங்கே, சாட்ஜிபிடி வெளிவந்த 2022 நவம்பருக்குப் பிறகு புதிய கேள்விகள் மளமளவென்று சரிந்துவிட்டன. கணினி தவறாகச் சொன்னாலும் ஏளனம் செய்வதில்லை. 'இதுகூடத் தெரியாதா' என்ற முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பது பதினேழு வயதில் மிகப் பெரிய ஆறுதல். ஆனால் தமிழ் யாப்பில் அது அசைகளை நேர், நிரை என்று பிரிப்பதில் அடிக்கடி தடுமாறுவதை நானே சோதித்துப் பார்த்திருக்கிறேன். பிழையை இன்னதென்று தெரிந்துகொள்ள மறுபடியும் இங்கேதான் வந்து படிக்கிறேன்.

வேப்பங்காடு (மட்டுறுத்துநர்) | ஞாயிறு, பிற்பகல் 12.45

தம்பி, அந்த இழையைத் தேடி எடுத்துப் பார்த்தேன். பூட்டியவன் நான்தான். அன்று ஒரே நாளில் விளம்பரக் கணக்குகள் பல புகுந்து இழைகளை நிறைத்துக்கொண்டிருந்தன, அவற்றைத் துடைக்கும் வேகத்தில் உங்கள் கேள்வியையும் அதே கையால் ஒதுக்கிவிட்டேன் போலும். அது காரணமே தவிர, சமாதானம் ஆகாது. மன்னிக்கவும். சற்று முன்னர் அந்த இழையைத் திறந்துவிட்டேன். மாலைக்குள் அதில் முறையான விடையும் எழுதிவிடுகிறேன்.

உங்கள் இடுகையைப் படித்தபின் பழைய பதிவேட்டைப் புரட்டினேன். நாங்கள் 'பொற்காலம்' என்று கொண்டாடும் ஆண்டுகளில்தான் பூட்டிய இழைகளும் மிகுதி. ஒரே கேள்வி மறுபடியும் வருவதைக் குப்பை என்று கருதினோம். ஆனால் ஒரே கேள்வியை வேறொருவர் கேட்கும்போதுதான் பதில் சொல்லப் பழகும் இன்னொருவருக்கு வாய்ப்புக் கிடைக்கிறது என்பது அப்போது எங்களுக்குப் புரியவில்லை. விடை சொல்லும் வேலையை ஐந்தாறு பேரே கையில் வைத்திருந்தோம்; அவர்களுக்கு வயதானது, களத்துக்கும் வயதானது. கைப்பேசியின் மீது நான் சுமத்திய குற்றத்தில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஓலைச்சுவடி | ஞாயிறு, மாலை 4.10

அந்த ஐந்தாறு பேர் என்பதில்தான் முடிச்சு இருக்கிறது. இணையக் கூட்டங்களில் நூற்றில் தொண்ணூறு பேர் படிப்பவர்கள், ஒன்பது பேர் எப்போதாவது எழுதுபவர்கள், ஒருவரே இடைவிடாமல் எழுதுபவர் என்று இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் 2006இல் எழுதினார். அந்த விகிதம் எல்லா இடத்துக்கும் அப்படியே பொருந்தாது என்றாலும், நம் அனுபவம் அதற்கு வெகு தொலைவில் இல்லை. ஆயிரம் பேர் படிக்கும் இடத்தில் பத்துப் பேரின் உழைப்பு நிற்கிறது. அந்தப் பத்தில் ஒருவர் வேலை மாறுகிறார், ஒருவருக்குக் கண்புரை, ஒருவருக்குக் கசப்பு. மூவர் போனதும் படிக்க வருகிறவருக்குப் புதிதாக ஏதும் இல்லை, படிப்பவர் குறைந்ததும் மீதி எழுவருக்கு எழுத ஊக்கம் இல்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது திடீர்ச் சரிவாகத் தெரிகிறது.

தமிழ் வலைப்பதிவுகளுக்கும் இதுதான் நேர்ந்தது. பல வலைப்பதிவுகளின் இடுகைகளை ஓரிடத்தில் திரட்டிக் காட்ட 2004இல் வந்த தமிழ்மணம் திரட்டி, புதிய இடுகைகளோடு, அண்மையில் மறுமொழி பெற்ற இடுகைகளையும் தன் முகப்பில் காட்டியது. பழைய இடுகையில் ஒருவர் பின்னூட்டம் இட்டாலும் அது மேலே வந்தது, மற்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தெருவில் யார் வீட்டுத் திண்ணையில் பேச்சு நடக்கிறது என்று காட்டிய அந்தத் தெருமுனை ஓய்ந்ததும், திண்ணைகள் அங்கேயே இருந்தும் ஆளில்லாமல் போயின.

உழவுக் கருவிகளின் வட்டார வழக்குகளை நமக்குத் தொகுத்துத் தந்த தஞ்சை ஐயாவை இங்கே பலருக்கு நினைவிருக்கும். ஏர்க்கால், மேழி, நுகத்தடி, பூட்டாங்கயிறு என்று ஒவ்வொன்றுக்கும் எந்த ஊரில் என்ன பெயர் என்று எழுதிக்கொண்டே வந்தவர். அவர் மறைந்த பிறகு அவருடைய கைப்பேசி எண்ணை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர் நடத்திய வாட்ஸ்அப் குழுவும் கலைந்துவிட்டது. இங்கே அவர் எழுதியவை மட்டும் இருக்கின்றன. சென்ற மாதம்கூட ஆராய்ச்சி மாணவி ஒருவர் அவற்றைத் தேடி எங்கள் நூலகத்துக்கு வந்து, இந்தக் களத்தின் பக்கங்களை அச்செடுத்துப் போனார்.

வல்லைவெளி | ஞாயிறு, இரவு 10.15

அக்கா சொன்னதை வாசித்தவுடன் நிலவறையில் கிடந்த பழைய வன்தட்டை எடுத்துப் பார்த்தேன். 2000க்கும் 2004க்கும் இடையில் நான் இருந்த ஒரு மரபுக் கவிதைக் குழுமத்தின் மடல்களை, குழுமம் மூடப்படுவதற்கு வெகு காலம் முன்பே, உலாவியில் தெரிந்தபடி நகலெடுத்து உரைக்கோப்புகளாகச் சேமித்து வைத்திருந்தேன். அன்று அவை திஸ்கியில் இருந்தன. இப்போது திறந்தால் 'தமிழ்' என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முக்கால் பின்னக் குறி, மேலே கீற்றுள்ள ஆங்கில எழுத்து, ஒரு சென்ட் குறி, மறுபடியும் கீற்றுள்ள எழுத்து என்று நான்கு உருக்கள் நிற்கின்றன. எறியவும் மனம் வரவில்லை, வாசிக்கவும் வழியில்லை. இதை யாராவது மீட்டுத் தருவீர்களா?

ஓலைச்சுவடி | திங்கள், காலை 7.30

நிச்சயமாக மீட்கலாம். அந்த நான்கு உருக்களும் திஸ்கியில் த, ம, இகரக் குறி, ழ் ஆகியவற்றின் இடங்கள்தான்; அட்டவணைப்படி ஒன்றுக்கொன்று மாற்றினால் பெரும்பகுதி இன்றைய ஒருங்குறிக்கு (யுனிகோடு) வந்துவிடும். இரண்டு இடங்களில் கவனம் தேவை. முதலாவது, திஸ்கியில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் ஐகாரக் குறியும் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மெய்க்கு முன்னால் நிற்கும், ஒருங்குறியில் பின்னால் வர வேண்டும். இரண்டாவது, பழைய திஸ்கியில் 'இ' என்ற உயிரெழுத்து, உலாவிகள் கண்ணுக்குக் காட்டாத மென்னிணைப்புக் குறியின் இடத்தில் அமர்ந்திருந்தது. அதனாலேயே 1.7 பதிப்பில் அதை வேறிடத்துக்கு மாற்றினார்கள். உலாவியிலிருந்து நகலெடுத்த கோப்பு என்பதால், சொல் முதலில் வந்த பல இகரங்கள் உதிர்ந்திருக்க வாய்ப்புண்டு.

மடல்களை வெளியிடுவதற்கு முன், எழுதியவர்களில் தொடர்புகொள்ள முடிந்தவர்களிடம் ஒப்புதல் கேட்க வேண்டும். வீட்டு முகவரி, தொலைபேசி எண் வரும் வரிகளை நீக்கிவிட வேண்டும். அன்று நூறு பேருக்குள் சொன்னதை இன்று ஊரறிய வைக்கும் உரிமை நமக்கு இல்லை.

தூறல் | திங்கள், மாலை 6.05

மாற்றும் நிரலை நான் எழுதுகிறேன். அண்ணா, முதலில் பத்து மடல்கள் மட்டும் அனுப்புங்கள், சரியாக வந்தால் மீதியைப் பார்க்கலாம்.

வேப்பங்காடு (மட்டுறுத்துநர்) | திங்கள், இரவு 8.20

இதற்கென்று தனிப் பகுதி ஒன்றைத் திறந்துவிட்டேன். இனிமேல் புதியவர் தொடங்கும் எந்த இழையையும், விளம்பரம் தவிர, பூட்டுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். முன்பே விடை இருந்தால் அந்த விடையின் சாரத்தை இரண்டு வரி எழுதி, பழைய இழைக்கு இணைப்புக் கொடுப்போம். பொருநைக்கரை ஐயா தங்கள் குழுவில் எழுதும் நீண்ட விளக்கங்களை வாரம் ஒன்றாக இங்கேயும் இட்டு, இணைப்பை அங்கே பகிர்ந்தால், மூன்று முறை எழுதும் உழைப்பாவது மிஞ்சும். வழங்கிக் கட்டணத்தை இவ்வாண்டு நான் கட்டிவிடுகிறேன். அடுத்த ஆண்டைப் பற்றி தை மாதத்தில் பேசுவோம்.

பொருநைக்கரை | செவ்வாய், காலை 5.55

அப்படியே செய்கிறேன் ஐயா. 'அது' பற்றிய விளக்கத்தை இப்போதே யாப்புப் பகுதியில் இட்டிருக்கிறேன். குழுவிலிருந்து இருவர் வந்து படித்ததாகச் சொன்னார்கள். நடத்துநர் தம்பி கணக்கும் தொடங்கிவிட்டார், ஆனால் எங்கே எழுதுவது என்று தெரியவில்லையாம். யாரேனும் வழிகாட்டுங்கள்.

தூறல் | செவ்வாய், இரவு 11.10

நடத்துநர் அண்ணனுக்குத் தனிமடலில் வழி சொல்லிவிட்டேன். பத்து மடல்களும் வந்துவிட்டன, ஒன்பது தெளிவாகப் படிக்க முடிகிறது. ஓலைச்சுவடி அக்கா சொன்னபடியே இகரங்கள் உதிர்ந்திருக்கின்றன. 'ல்லை', 'ன்று' என்று புள்ளி எழுத்தில் தொடங்குபவற்றை நிரலே கண்டுபிடித்து 'இல்லை', 'இன்று' என்று திருத்திவிடுகிறது, ஏனென்றால் தமிழ்ச் சொல் எதுவும் மெய்யில் தொடங்காது. ஆனால் பத்தாவது மடலில் ஒரு வெண்பாவுக்குக் கீழே 'தன் பொருள்' என்று இருக்கிறது. அது அப்படியே சரியான சொல்லாக இருக்கலாம், 'இதன் பொருள்' என்பதில் இகரம் போனதாகவும் இருக்கலாம். நிரலுக்கு இது தெரியாது. முழு மடலையும் கீழே ஒட்டியிருக்கிறேன். ஐயா, பார்த்துச் சொல்ல முடியுமா?

பொருநைக்கரை | புதன், காலை 5.40

படித்தேன், தம்பி. அவ்வரியை அடுத்து வெண்பாவின் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து உரை சொல்லிக்கொண்டு போகிறார். ஆகவே 'இதன் பொருள்' என்பதே சரி. அதே மடலின் கடைசிப் பத்தியில் 'தன் பொருளை இழந்தவன்' என்று வரும் இடத்தைத் தொட வேண்டாம், அது செல்வத்தைக் குறிக்கிறது. அடுத்த பத்தை அனுப்புங்கள்.